மூன்று பேனா கொள்ளும் பவுச்

பேருந்து நிலையத்துக்கும் காய்கறி ஏலக்கூடத்துக்கும் நடுவே, ஒரு பழைய கட்டடத்தின் மாடிப்படிக்கு அடியில் அவளுடைய கடை இருந்தது. கடை என்றால், ஒருவர் உட்கார்ந்தால் இன்னொருவர் வெளியே நின்றுதான் பேச வேண்டும், அந்த அளவு. பைகளுக்கு ஜிப் மாற்றுவது, ஜிப்பை இழுக்கும் ரன்னர் போடுவது, அறுந்த வாரைத் தைப்பது அவள் தொழில். பெயர்ப்பலகை கிடையாது. முழ நீள ஜிப் ஒன்றை வாசலில் ஆணியடித்துத் தொங்கவிட்டிருந்தாள். அதனால் எல்லாருக்கும் அவள் ஜிப்புக்கார அக்கா. அவளைவிட இருபது வயது மூத்தவர்களும் அக்கா என்றே கூப்பிட்டார்கள். அவளும் அதைக் கண்டுகொள்வதில்லை.

யாரும் அவளுக்குத் தொழில் சொல்லித்தரவில்லை. கிழிந்த பைகளைப் பிரித்துப் பார்த்தே கற்றுக்கொண்டாள். ஒரு பை கைக்கு வந்தால், கிழிந்த இடத்தைப் பார்ப்பதற்கு முன்னால் அதை வெளிச்சத்துக்குச் சாய்த்துப் பிடிப்பாள். நேராகப் பார்த்தால் தெரியாத மடிப்பும் கோடும் சாய்த்துப் பார்த்தால் தெரியும்.

“இன்னைக்குக் கிழிஞ்சது இது. அடுத்த மாசம் கிழியப் போறது இது. ரெண்டையும் சேர்த்தே தைச்சிடவா?”

“பார்த்தீங்களா, வராத நோவுக்கும் மருந்து குடுக்கறாங்க,” என்பார் பக்கத்துப் பெட்டிக்கடையில் சாவி அறுக்கும் சாவிக்காரர். வந்தவர் சிரித்துக்கொண்டே வேண்டாம் என்பார். அடுத்த மாதம் அதே இடம் கிழிந்து, அசடு வழிய வந்து நிற்பார்.

அவள் கணவருக்கு மைக்கு என்று பெயர். ஏலக்கூடத்தில் ஏலம் கூறுபவர். கூடத்துக்கு வாங்கிய ஒலிபெருக்கி பழுதான ஒரு நாள், அது இல்லாமலே மொத்த ஏலத்தையும் நடத்தி முடித்தார். ரிப்பேருக்கு எடுத்துக்கொண்டு போனவன் அதைத் திருப்பிக் கொண்டுவரவே இல்லை. யாரும் தேடவும் இல்லை. அன்று ஒட்டிக்கொண்ட பெயர். ஒரு தெருவும் இரண்டு சுவர்களும் தாண்டி, அவள் தையல் மெஷின் சத்தத்துக்கு மேலே அவர் குரல் கேட்கும். முட்டைக்கோஸ் முடிந்து தக்காளிக்கு வந்துவிட்டார் என்றால் அவள் இரண்டு டீக்குச் சொல்லிவிடுவாள். தக்காளிதான் கடைசி. இருபத்தாறு வருடம் அந்தக் குரல்தான் அவளுக்குக் கடிகாரம்.

அந்தத் தொண்டை ஒரு நாள் கட்டியது. கத்திப் பிழைப்பவருக்குக் கட்டாமல் இருக்குமா என்று இருவருமே விட்டுவிட்டார்கள். வெந்நீர் குடித்துப் பார்த்தார், பேசாமல் இருந்து பார்த்தார். நான்கு மாதம் கழித்து டாக்டரிடம் போனபோது, இன்னும் முன்னாடி வந்திருக்கலாமே என்றார் டாக்டர். குரல்வளையை முழுதாக எடுத்துவிட்டார்கள். கழுத்துக்குழியில் ஒரு துளை வைத்தார்கள். மூச்சு அதன் வழியே போய் வந்தது. அதன்மேல் சின்னத் துணி ஒன்று தொங்கும். மற்றபடி சாப்பிட்டார், நடந்தார், சிரித்தார். சிரிப்பில் சத்தம் மட்டும் இல்லை.

ஏலக்கூடத்துக்காரர்கள் அவரை விட்டுவிடவில்லை. எந்தப் பெட்டி யாருக்கு என்று சீட்டெழுதி ஒட்டும் வேலையைக் கொடுத்தார்கள். மரப்பெட்டியில் எழுத ஒரு மார்க்கர், சீட்டெழுத ஒரு பால்பாயின்ட் பேனா, அது நின்றுபோனால் இன்னொன்று. நான்காவதாக ஒரு பென்சில். அது வேலைக்கு இல்லை, பேச்சுக்கு. சட்டைப்பையில் அடங்கும் ஒரு சின்ன நோட்டில் பென்சிலால் எழுதித்தான் அவர் மனிதர்களோடு பேசினார்.

“பேனாவே இருக்கே, எதுக்குங்க பென்சில்?” என்று அவள் ஆரம்பத்திலேயே கேட்டிருக்கிறாள்.

அவர் எழுதிக் காட்டினார்: “பேனால எழுதினா சீட்டு எழுதற மாதிரி இருக்கு. பென்சில்னா பேசற மாதிரி இருக்கு.”

உண்மைதான். கோபம் என்றால் அழுத்தி எழுதுவார், பக்கமே கறுத்துப்போகும். கொஞ்சல் என்றால் பூனை நடந்த மாதிரி மெலிதாக இருக்கும். ஒன்றை எழுதி, அவள் முகம் மாறுவதைப் பார்த்து, படிப்பதற்குள் அழித்துவிட்டு வேறொன்று எழுதுவார். என்ன அழிச்சீங்க, என்ன அழிச்சீங்க என்று அவள் நோட்டைப் பிடுங்குவாள். முன்பும் அப்படித்தான், ஏதோ சொல்ல வாயெடுத்து, ஒண்ணுமில்ல என்பார். அந்த ஒண்ணுமில்லையும் பென்சிலில் வந்தது.

வந்த சிக்கல் வேறு. பெட்டிகளுக்கு மேல் குனியும்போதெல்லாம் சட்டைப்பையிலிருந்து எல்லாம் கொட்டியது. ஒருமுறை பேனாவின் முனை கழுத்துத் துளையில் இடிக்கப் பார்த்தது. அதைக் கேட்டதும் அவள், இனிமேல் சட்டைப்பையில் எதுவும் கூடாது, இடுப்புக்குக் கீழே ஒரு பவுச்சில்தான் என்று முடிவுசெய்தாள். எந்தப் பவுச் என்பதுதான் கேள்வி.

டீக்கடையில் ஒரு நாள் அவள் ஒன்றைக் கவனித்தாள். தெரிந்தவர் ஒருவர் மைக்குவிடம் எதையோ கேட்டார். அவர் சைகை காட்டி நோட்டை எடுத்தார், பென்சிலைத் தேடினார். கேட்டவர் கொஞ்சம் நின்றார், சிரித்தார், முகத்தைத் திருப்பிக்கொண்டு அடுத்தவரோடு பேசப் போய்விட்டார். எழுதிய பக்கம் யாரும் பார்க்காமல் இவர் கையிலேயே இருந்தது. அதற்குப் பிறகு அவள் மனத்துக்குள் எண்ண ஆரம்பித்தாள். நல்லவரோ கெட்டவரோ, அவசரக்காரரோ இல்லையோ, குரல் இல்லாத மனிதருக்காக எல்லாரும் நான்கு எண்ணும்வரைதான் நின்றார்கள். ஐந்தாவதில் கண் போய்விட்டது. அந்த நான்குக்குள் எழுதும் பொருள் கைக்கு வந்தாக வேண்டும்.

முதலில் அவளே ஒரு துணிச்சுருள் தைத்தாள். நான்கு வளையம், நான்குக்கும் இடம் இருந்தது. நாடாவை அவிழ்த்து, விரித்து, எடுக்க ஏழு ஆனது. அடுத்துப் பார்த்த தகரப் பெட்டியில் எல்லாம் உருண்டு சத்தம் போட்டன. உட்கார்ந்தால் தொடையில் குத்தியது. ஜிப் பவுச்சை அவளே வேண்டாம் என்றாள்.

“ஜிப்புக்காரியே ஜிப்பு வேணாங்கறா!” என்று சாவிக்காரர் கன்னத்தில் கைவைத்தார்.

“ஜிப்புக்கு ரெண்டு கை வேணும் அண்ணே. ஒண்ணு பிடிக்க, ஒண்ணு இழுக்க. இவர் இடது கைல நோட்டு இருக்கு. மூணாவது கைக்கு எங்க போவார்?”

“நான் வேணா ஒரு கை அறுத்துத் தரேன். டூப்ளிகேட்டு.”

மைக்கு தோள் குலுங்கச் சிரித்தார்.

ஒட்டிப் பிரிக்கும் வெல்க்ரோ வைத்த பவுச்சைத்தான் அவருக்கு மிகவும் பிடித்தது. பிரித்தால் பர்ர் என்று ஒரு சத்தம். யாராவது திரும்பிப் பார்க்க வேண்டும் என்றால் அதைப் பிரித்து மூடிப் பிரிப்பார். “எனக்குக் குரல் வந்தாச்சு” என்று எழுதிச் சாவிக்காரரிடம் காட்டினார். மூன்று வாரம் அந்தக் குரல் இருந்தது. வெங்காய மூட்டையின் சணல்நாரெல்லாம் ஏறி, வெல்க்ரோ பிடியை விட்டது. அவள் ஊசியால் ஒவ்வொரு நாராகப் பிடுங்கிப் பார்த்தாள். போனது போனதுதான்.

கடைசியாக அகப்பட்டது கறுப்பு ரெக்ஸினில் ஒன்று. மணிபர்ஸ் போல மெலிசு. காந்தம் வைத்த மூடி; கட்டைவிரலால் தள்ளினால் திறக்கும், விட்டால் தானாக மூடும். உள்ளே மூன்று எலாஸ்டிக் வளையங்கள். அவள் அதை வெளிச்சத்துக்குச் சாய்த்துப் பார்த்தாள், மடிப்பை நூறு முறை மடக்கிப் பார்த்தாள், தையலை எண்ணினாள். பிறகு அவரை எதிரே நிற்கவைத்து, “எடுங்க பார்ப்போம்,” என்று வாய்விட்டு எண்ணினாள். ஒண்ணு, ரெண்டு. பேனா கையில் இருந்தது.

“ரெண்டு!” என்று அவள் கத்தியது டீக்கடைவரை கேட்டது. அவ்வளவு சந்தோஷம்.

அவர் பென்சிலை எடுத்து எழுதினார்: “இவனுக்கு இடம்?”

பேனா வளையத்தில் பென்சில் நிற்கவில்லை; ஒல்லி, நழுவி விழுந்தது. நான்காவது வளையம் ஒன்றைத் தற்காலிகமாக ஒட்டிப் பார்த்தாள். மூடி முழுதாக மூடவில்லை. ஒரு நகக்கண் அளவு இடைவெளி நின்றது.

“சரிப்படாதுங்க. காந்தம் பிடிக்காது. குனியும்போது திறந்துக்கும். அப்புறம் பழைய கதைதான்.”

அவர் பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு தச்சர் மாதிரி முறைப்பாகப் பார்த்தார். அன்றைக்கே அது முட்டைக்கோஸ் பெட்டிக்குள் விழுந்து, யாரோ வாங்கிப் போய், மறுநாள் திருப்பிக்கொடுத்தார்கள். அவள் கையை நீட்டினாள். “குடுங்க இப்படி. எனக்குத் தையல் கோடு போட ஆகும். அதான் பேனா ஒண்ணுக்கு ரெண்டா இருக்கே, அதுல பேசுங்க.”

அவர் கொடுத்துவிட்டார். குரல் போனதிலிருந்து அவர் எதையும் ஒரு முறைதான் கேட்பார். ஒவ்வொன்றும் எழுதிக் கேட்க வேண்டியிருந்ததால், இரண்டாம் முறை என்பதே அவரிடம் இல்லாமல் போயிருந்தது. பல் தடம் பதிந்த அந்தப் பென்சில், ஊசி நூலோடு அவளுடைய டப்பாவுக்குள் போனது.

பவுச் நன்றாகவே வேலை செய்தது. ஒன்றும் விழவில்லை, ஒருவரும் முகத்தைத் திருப்பவில்லை. வீட்டில்தான் பேச்சு குறைந்தது. “சரி.” “வேண்டாம்.” “பசி இல்லை.” பேனாவில் எழுதியதை அழிக்க முடியாது. களைப்பாக இருக்கும் என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

அடுத்த மழைக்காலத்தில் நெஞ்சில் சளி கட்டி மருத்துவமனையில் சேர்த்தார்கள். முதல் இரண்டு நாள் தலையணையில் சாய்ந்து உட்கார்ந்து எழுதினார். மார்க்கரை நர்ஸ் பார்த்துவிட்டு, “அம்மா, இந்த வாடையெல்லாம் இவர் மூச்சுக்கு ஆகாது,” என்று எடுத்துக்கொண்டு போனாள். மூன்றாம் நாள் அவரால் உட்கார முடியவில்லை. ஒரு கையில் ஊசி, கழுத்துத் துளைக்கு மேலே ஆக்ஸிஜன் மூடி.

அன்று மதியம் பார்வை நேரத்தில் அவர் பவுச்சைக் காட்டினார். ஒன்று, இரண்டு, பேனா கையில். அவள் நோட்டை அவர் முகத்துக்கு மேலே பிடித்தாள். அவர் கையைத் தூக்கி எழுதினார். கொஞ்சம் எழுதி, பேனாவை உதறினார், மறுபடி எழுதினார். இன்னொரு பேனாவைக் கேட்டு வாங்கி எழுதினார். மூச்சு இரைத்தது. அவள் அவசரத்தில் கண்ணாடியைக் கடையில் விட்டுவிட்டு வந்திருந்தாள். கிட்டத்தில் எதுவும் தெரியாது. வெள்ளையாகத்தான் தெரிந்தது. தெரியவில்லை என்று சொன்னால் இன்னும் எழுதுவார், இன்னும் இரைக்கும். அவர் கண் அவள் முகத்திலேயே இருந்தது.

“சரிங்க,” என்றாள். “காலைல செஞ்சிடறேன்.”

அவர் பேனாவால் அந்தப் பக்கத்தை இரண்டு முறை தட்டினார். புரிந்ததா என்று கேட்பது போல.

“புரிஞ்சுதுங்க. சரின்னுதானே சொல்றேன். கண்ணை மூடிக்கங்க கொஞ்சம்.”

அவர் சிரித்தார். பேனாவை அவரே பவுச்சில் வைத்தார். மூடி தானாக மூடியது. நோட்டைத் தலையணைக்கு அடியில் செருகிவிட்டு, ஐந்து மணிப் பேருந்துக்கு அவள் கிளம்பினாள்.

விடிகாலையில் கடையைத் திறந்து, டப்பாவைக் கிளறி, கண்ணாடியை எடுத்துக்கொண்டு போனாள். கட்டிலைச் சுற்றித் திரை இழுத்திருந்தது. நர்ஸ் அவள் கையைப் பிடித்துக்கொண்டு, “காலைல ஆறரை மணிக்கும்மா. உங்களுக்குப் போன் போட்டோம், எடுக்கலை,” என்றாள். அப்போது அவள் பேருந்தில் இருந்தாள். பேருந்து இரைச்சலில் போன் கேட்கவில்லை. அவருடைய சட்டை, பவுச், நோட்டு எல்லாம் ஒரு பையில் வந்தன.

கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அவள் முதலில் பார்த்தது அந்தப் பக்கத்தைத்தான். மேலே ஒரு சின்ன நீலக் கீறல். மற்றபடி ஒன்றுமே இல்லை.

வெளிநாட்டில் வேலை பார்க்கும் மகள் மறுநாள் வந்து சேர்ந்தாள். எல்லாம் முடிந்து, வீட்டில் இரண்டு பேர் மட்டும் இருந்தபோது கேட்டாள்: “அப்பா கடைசியா என்னம்மா சொன்னார்?”

“என்னமோ சொன்னார்டி. நான் சரின்னேன்.”

“எதுக்குச் சரின்னே?”

அவள் நோட்டைக் காட்டினாள். மகள் வெகுநேரம் பார்த்தாள். “படுத்துக்கிட்டு எழுதினாரா? மேல பார்த்து எழுதினா பால்பாயின்ட் எழுதாதும்மா. மை பின்னாடி போயிடும். அவர் எழுதினதெல்லாம் சும்மா கீறல்தான்.”

பேனாவைத் தலைகீழாகப் பிடித்தால் எழுதாது. எத்தனை எண்ணலில் கைக்கு வருகிறது, எங்கே கிழியும், எப்போது பிடி விடும், எல்லாம் பார்த்தவள் அதை மட்டும் பார்க்கவில்லை.

அன்றிலிருந்து அவளுக்கு அதே நினைப்பு. எதற்குச் சரி என்றேன்? வீட்டில் கழன்று கிடந்த ஜன்னல் கொக்கியை மாட்டச் சொன்னாரா? ஆளை வைத்து மாட்டினாள். மகளை இங்கேயே இருக்கச் சொன்னாரா? கடையை விட்டுவிடச் சொன்னாரா? டீ குடிக்கும்போது, குளிக்கும்போது, ஒரு கேள்வி மட்டும் திரும்பத் திரும்ப வந்தது. பயமா இருக்கு, போகாதே, கூடவே இரு என்று எழுதினாரா? அதற்கா சரி சரி என்று தலையாட்டிவிட்டு ஐந்து மணிப் பேருந்தைப் பிடித்தாள்?

சாவிக்காரர்தான் ஒரு வழி சொன்னார். இந்த முறை கேலி இல்லை. “அந்தப் பக்கத்து மேல பென்சிலைப் படுக்கவைச்சுத் தேச்சா எழுத்து தெரியும்னு சொல்வாங்க தங்கச்சி.”

“வேணாம் அண்ணே. தேச்சு அழிஞ்சிடுச்சுன்னா?”

அழிந்துவிடும் என்பது மட்டும் காரணம் இல்லை. தெரிந்துவிடுமே என்பதும்தான். அது சாவிக்காரருக்குப் புரிந்தது. அவர் சாவி அறுக்கப் போய்விட்டார்.

மகள் ஊருக்குத் திரும்ப ஒரு நாள் இருந்தது. “அப்பா எனக்கு ஏதாவது சொல்லியிருந்தார்னா? எனக்குத் தெரிஞ்சே ஆகணும்மா. திட்டியிருந்தாலும் பரவாயில்ல,” என்றாள். அவள் குரல் உடைந்ததும் இவளால் மறுக்க முடியவில்லை. இருவரும் கடைக்குப் போனார்கள். காலை வெயில் மாடிப்படியின் இடுக்கு வழியே தையல் மேசைமீது சாய்வாக விழும் நேரம். ரெக்ஸினைப் பார்ப்பது போலவே அவள் நோட்டை அந்த வெயிலுக்குச் சாய்த்தாள். கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பினாள்.

கோடுகள் எழும்பி வந்தன.

மேலே ஒரு வார்த்தையின் மேல் இன்னொரு வார்த்தை. மை வராத இடத்திலேயே திரும்பத் திரும்ப அழுத்தி எழுதியதில் எல்லாம் சிக்கிக் கிடந்தது; பிரிக்க முடியவில்லை. நடுவில் இன்னும் ஆழமாக ஒரு வார்த்தை, அதன் கீழே மூன்று முறை அதே வார்த்தை. பக்கத்தின் அடியில், பேனா இரண்டு முறை தட்டிய குழிகளுக்குப் பக்கத்தில், அதே வார்த்தை தனியாக, ஒவ்வொரு எழுத்தும் தெளிவாக இருந்தது. அவள் விரலால் எண்ணினாள். ஐந்து முறை. எதையும் இரண்டாம் முறை கேட்காதவர்.

“என்னம்மா எழுதியிருக்கு?”

அவள் நோட்டை அதே சாய்வில் பிடித்துக்கொண்டு மகளின் பக்கம் நகர்த்தினாள்.

மகள் எழுத்துக்கூட்டுவது போலப் படித்தாள். “பென்... சில். பென்சிலா? பென்சில் கேட்டாரா? அதுக்கு மேல சிக்கலா இருக்கே, அது?”

“அது வேற என்னமோ. எழுத வரலைன்னுதான் பென்சில் கேட்டிருக்கார்.”

“மேல இருக்கறது என்னன்னு தெரியலையாம்மா? இன்னும் கொஞ்சம் சாய்ச்சுப் பாரேன்.”

அவள் சாய்த்தாள். இந்தப் பக்கம், அந்தப் பக்கம். வெயில் மேசையை விட்டு நகரும்வரை பார்த்தாள். சிக்கல் சிக்கலாகவே இருந்தது.

“காலைல கொண்டாந்து தரேன்னு நினைச்சுக்கிட்டுத்தான் சிரிச்சிருக்கார்,” என்றாள் கடைசியில். “நான் சரின்னேனே. காலைல செஞ்சிடறேன்னேனே.”

டப்பா மேசைமேலேயே இருந்தது. அவர் போன அன்று காலை கண்ணாடியை எடுக்க அதைக் கிளறியபோது, குறுக்கே கிடந்த பென்சிலைத்தான் அவள் ஓரமாக ஒதுக்கினாள். அது நன்றாக ஞாபகம் இருந்தது. முனை விரலில் குத்தியது. முந்தின வாரம்தான் சீவியிருந்தாள்.

மகள் அழுதாள். அவள் அழவில்லை. பவுச்சை எடுத்துத் திறந்து, மூன்று வளையங்களுக்குப் பக்கத்தில் ஒரு துண்டு எலாஸ்டிக்கை வைத்து, பென்சிலின் பருமனுக்கு அளந்து, கையாலேயே தைத்தாள். தையல் கோணாமல் இருக்கிறதா என்று இரண்டு முறை பிரித்து மறுபடி தைத்தாள். பென்சிலைச் செருகினாள். நின்றது. மூடியை விட்டாள். ஒரு நகக்கண் அளவு இடைவெளியில் அது திறந்தே இருந்தது.

வெளியே யாரோ ஒரு பள்ளிக்கூடப் பையை நீட்டினார்கள். “அக்கா, இந்த ஜிப்பு கொஞ்சம் பாருங்களேன்.”

அவள் வாங்கி, சாய்த்துப் பார்த்தாள். கோடு போட வேண்டியிருந்தது. கை தானாக டப்பாவுக்குள் போய்த் துழாவியது, நின்றது. சோப்புத் துண்டு ஒன்றை எடுத்து அதனால் கோடு போட்டாள்.